கண் கெட்ட பிறகு ஒரு 'ஃப்ரீ' சூரிய நமஸ்காரம்

டிஸ்கி: நான் மருத்துவ மாணவன் இல்லை. வாணியம்பாடியில் பி.காம். படிக்கிறவன். இதில் வரும் மருத்துவம் எல்லாம் சின்னம்மாவோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து டாக்டர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டது, பிறகு தேடிப் படித்தது. இதை வைத்து யாரும் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளவும்.

போன தடவை பாலாற்று மணல், அதற்கு முந்தின தடவை கிரிக்கெட். இந்தத் தடவை கண் இமை. சிரிக்காதீர்கள். நானும் நாலு மாதத்துக்கு முன்னால் சிரித்திருப்பேன்.

ஒரு நாள் ராத்திரி பரீட்சைக்குப் படித்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் பாய் போட்டுச் சின்னம்மா படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. "என்ன சின்னம்மா, தூங்கலையா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் ஆழ்ந்த தூக்கம், குறட்டை வேறு. வலது கண் மட்டும் ஒரு கோடு அளவுக்குத் திறந்து, கருவிழி மேலே ஏறி, வெள்ளை மட்டும் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

சின்னம்மாவுக்கு 47 வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மேல் இமையின் தோல் தளர்ந்து இறங்கிவிட்டது. யாரைப் பார்த்தாலும் "இன்னாக்கா, தூக்கம் வருதா?", "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தார். சீட்டுப் பணம் எடுத்த கையோடு ஒரு பெருநகரத்தில் இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போய் இமைத் தோலைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வார இறுதியில் செய்துகொண்டு அடுத்த வாரம் வேலைக்குப் போய்விடலாம் என்றது விளம்பரம்.

மூன்று வாரம் கழித்து நிலைமை இதுதான். இடது கண் பரவாயில்லை. வலது கண் முழுதாக மூடவில்லை. காற்று பட்டால் எரிச்சல், சதா கண்ணீர், காலையில் எழுந்தால் மண் கொட்டின மாதிரி உறுத்தல். கிளினிக்குக்குப் போன் செய்தால் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினார். "கவலையே படாதீங்க மேடம். ரிசல்ட் திருப்தியா இல்லைன்னா ஒரு மாசத்துக்குள்ள வாங்க. ஃப்ரீயா கரெக்‌ஷன் பண்ணித் தர்றோம்."

சின்னம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தியா, எவ்ளோ நல்லவங்க! காசே வாங்காம சரி பண்ணித் தர்றாங்களாம்."

நான் எழுத வந்தது இந்த 'ஃப்ரீ கரெக்‌ஷன்' பற்றித்தான். முதல் ஆபரேஷன் கெட்டுப்போனது பற்றிக்கூட அவ்வளவு கோபம் இல்லை. எந்தக் கையிலும் சில சமயம் தப்பும். ஆனால் கெட்டுப்போன இமையை, காயம் ஆறுவதற்கு முன்பே, அதே கத்தியின் கீழ் இலவசமாகக் கொண்டுவந்து வை என்று கூப்பிடுவது இருக்கிறதே, அது பெருந்தன்மை இல்லை. அது ரசீது இல்லாமல் கணக்கை முடிக்கும் வேலை.

ஏன் என்று சொல்கிறேன்.

பிரித்துத் தைக்க இது சட்டை இல்லை

என் அப்பா 22 வருடமாகத் தோல் வெட்டுகிறவர். ஷூவின் மேல்பகுதிக்கு, அதாவது அப்பருக்கு, கட்டிங் டேபிளில் தோலைப் போட்டு எந்தத் துண்டை எந்த இடத்தில் எடுப்பது என்று பார்ப்பது அவர் வேலை. தோலில் ஒரு பக்கம் இழுவை இருக்கும், ஒரு பக்கம் இருக்காது. வயிற்றுப் பக்கத் தோல் தளதளவென்று இழுபடும், முதுகுப் பக்கம் இறுக்கம். இதைத் தெரியாமல் வெட்டினால் ஷூ கொஞ்ச நாளில் கோணிக்கொள்ளும். நம்ம ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த சங்கதிதான்.

சின்னம்மா விஷயத்தைக் கேட்டதும் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தப்பா தைச்சா பிரிச்சுத் தைக்கலாம். தப்பா வெட்டிட்டா அடுத்த தோலைத்தான் எடுக்கணும்."

கண் மருத்துவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதுதான். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல், ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. மேல் இமையில் புருவத்தின் கீழ் ஓரத்திலிருந்து இமை விளிம்பு வரை குறைந்தது 20 மில்லிமீட்டர் தோலாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதற்குக் கீழே போனால் கண் மூடாது. அவ்வளவுதான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பேராசைதான் நன்றாகத் தூங்குகிற மனுஷியைக் கண் திறந்து தூங்க வைக்கிறது.

குறைவாக வெட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக வெட்டியிருந்தால்? போன தோல் போனதுதான். குப்பைக் கூடைக்குப் போன தோலை எந்தச் சலுகைத் திட்டமும் திருப்பிக் கொண்டுவராது. வேறு இடத்திலிருந்துதான் எடுத்து ஒட்ட வேண்டும்: இன்னொரு இமையில் மிச்சம் இருந்தால் அங்கிருந்து, இல்லையென்றால் காதுக்குப் பின்னாலிருந்து. நிறம் கொஞ்சம் மாறும், ஒட்டு தெரியும். அழகுக்காகப் போன இடத்தில் ஒட்டுப் போட்ட இமையோடு திரும்ப வேண்டியதுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

'கரெக்‌ஷன்' என்றால் எது?

போனில் பேசுகிறவர்கள் கரெக்‌ஷன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கெட்டுப்போவது ஒரே மாதிரி கெட்டுப்போவதில்லையே! நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட வரையில்:

1. மேல் இமைத் தோல் அதிகமாகப் போய்க் கண் மூடாமல் இருப்பது. முதல் சில வாரங்களில் வீக்கத்தாலும் இறுக்கத்தாலும் பலருக்கு இப்படி இருந்து தானாகவே சரியாகிவிடும். ஆகாவிட்டால்தான் தோல் ஒட்டு.

2. கீழ் இமை கீழே இழுத்துக்கொண்டு, கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரிவது அல்லது இமை வெளிப்பக்கம் புரண்டுகொள்வது. இதற்குக் கண்ணின் ஓரத் தசைநாரை இழுத்துக் கட்ட வேண்டும். உள்ளே தழும்பு இறுகியிருந்தால் அதை விடுவித்து, வாயின் மேல் அண்ணத்திலிருந்தோ காதுக் குருத்தெலும்பிலிருந்தோ ஒரு துண்டை எடுத்து இமைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முதல் ஆபரேஷனை விடப் பல மடங்கு சிக்கலான வேலை இது.

3. கொழுப்பை அதிகமாக எடுத்துக் கண் குழி விழுந்து போவது. உடம்பில் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து நிரப்ப வேண்டும்.

4. இமையைத் தூக்கும் தசையே பலவீனமாக இருந்ததைக் கவனிக்காமல் தோலை மட்டும் வெட்டிவிடுவது. தோல் போயும் இமை இறங்கியே இருக்கும். இதற்குத் தசையில் வேலை செய்ய வேண்டும். இன்னும் கொஞ்சம் தோலை வெட்டினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

5. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இல்லாதது. பாதி நேரம் வீக்கம் வடியவேண்டியதுதான் பாக்கி. மீதி நேரம், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும், ஆபரேஷனுக்குப் பிறகுதான் கண்ணாடியில் கவனிக்கிறோம்.

6. கருவளையம் போகவில்லை என்ற ஏமாற்றம். நம் ஊர்த் தோலில் கண்ணைச் சுற்றியுள்ள கருமை பெரும்பாலும் நிறமி. கத்தி நிறமியை எடுக்காது. இதைச் சொல்லாமல் காசு வாங்கியிருந்தால் அது விற்கும்போதே சொன்ன பொய்.

இந்த ஆறில் முதல் ஐந்தாவது நாளில் கத்தி கேட்பவை எத்தனை? பெரும்பாலும் ஒன்றுகூட இல்லை. தழும்பு முதிர்ந்து இளகக் குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. வீங்கி இறுகிக் கிடக்கும் இமையை மறுபடி வெட்டினால், எது வீக்கம், எது உண்மையான குறை என்று வெட்டுகிறவருக்கே தெரியாது.

விதிவிலக்கு இரண்டு உண்டு, இரண்டையும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கருவிழி காய்ந்து புண்ணாக ஆரம்பித்துவிட்டால் ஆறு மாதக் கணக்கெல்லாம் செல்லாது, கண்ணைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. இன்னொன்று, ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் கடும் வலி, கண் முன்தள்ளிக் கல் மாதிரி இறுகுவது, பார்வை மங்குவது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இது வருகிறது, அதிலும் சிலருக்குத்தான் பார்வை போகிறது. ஆனால் வந்துவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரம் கிடையாது. "காலையில வாங்க மேடம்" என்று சொல்கிற கிளினிக்கை நம்பாமல், அவசரப் பிரிவு இருக்கும் கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஆக, ஓட வேண்டிய நேரத்தில் பொறு என்கிறார்கள். பொறுக்க வேண்டிய நேரத்தில் ஒரு மாதத்துக்குள் ஓடி வா என்கிறார்கள். அந்த ஒரு மாதம் என்ற கெடு எந்த மருத்துவ நூலில் இருக்கிறது? நான் படித்த பி.காம். புத்தகத்தில் இருக்கிறது: 'விற்ற சரக்கைத் திரும்ப எடுக்கும் காலம்'.

விற்கும்போது வியாபாரம், கெட்டுப்போனால் மருத்துவம்

இந்த அழகு கிளினிக்குகளுக்கு இரண்டு முகம் உண்டு. உள்ளே போகும்போது தள்ளுபடி, தவணை, தீபாவளி ஆஃபர், முன்-பின் போட்டோ. ஜவுளிக்கடை தோற்றது. கண் மூடவில்லை என்று போய் நின்றால் அடுத்த நிமிடம் முகம் மாறிவிடும். "மருத்துவத்துல யாரும் கியாரண்டி கொடுக்க முடியாது மேடம். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க பாருங்க."

ஐயா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். வியாபாரமா, மருத்துவமா?

அரசாங்கம் ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. உடல்நலச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் முடி நடுவதும் அழகுக்கான அறுவை சிகிச்சையும் அந்த விலக்கில் வராது. பிறவிக் குறை, காயம் போன்றவற்றால் கெட்ட உறுப்பைச் சரிசெய்வதற்கு மட்டும்தான் விலக்கு. மருத்துவக் காப்பீடும் பொதுவாக அழகு அறுவை சிகிச்சைக்குப் பணம் தராது. எனக்கு ஒரு சந்தேகம். முதல் ஆபரேஷன் அழகுக்கு, சரி. அதனால் கண் மூடாமல் போய், அதைச் சரிசெய்ய நடக்கும் இரண்டாவது ஆபரேஷன் அழகா, காயமா? இலவசம் என்று சொல்லிவிட்டால் ரசீதே கிடையாது, யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வசதிதான்.

நீதிமன்றமும் பதில் சொல்லியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2008-இல் சமிரா கோலி வழக்கில் இன்னும் ஒரு படி போனது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்று நோயாளிக்குச் சொல்லிவிட்டுத்தான் சம்மதம் வாங்க வேண்டும். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது. அப்படியானால் முதல் நாள் போட்ட கையெழுத்தைக் காட்டி இரண்டாவது தடவை கத்தி வைக்க முடியாது. சின்னம்மா கையெழுத்துப் போட்ட தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் படித்தது தமிழ் மீடியத்தில் எட்டாவது.

'திருப்தி' என்ற வார்த்தை

எனக்கு அதிகக் கோபம் வரவழைத்தது அந்தத் திருப்தி என்ற சொல்தான். "ரிசல்ட் திருப்தியா இல்லைன்னா..." கேட்க மரியாதையாக இருக்கிறது. உள்ளே இருக்கும் விஷத்தைப் பாருங்கள். கண் மூடவில்லை என்பது உடம்பில் இருக்கும் கோளாறு. திருப்தி இல்லை என்பது மனசில் இருக்கும் கோளாறு. ஒரே வார்த்தையில் டாக்டர் பக்கத்துப் பிரச்சினையை நோயாளியின் மனப் பிரச்சினையாக மாற்றிவிட்டார்கள். உனக்குத்தானம்மா திருப்தி இல்லை, எங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது!

வீட்டிலும் ஊரிலும் அதையே வேறு குரலில் சொன்னார்கள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" "சும்மா இருந்த கண்ணை நோண்டிக்கிட்டா." சின்னம்மா இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டுக்கொண்டு, வெளியே போகும்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். ஆபரேஷன் செய்ததைச் சொல்ல வெட்கம், கெட்டுப்போனதைச் சொல்ல அதைவிட வெட்கம். இந்த வெட்கம்தான் அந்த கிளினிக்குகளின் மூலதனம். புகார் கொடுக்கப் போனால் முதலில் "எதுக்குப் போனீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்து பாதிப் பேர் வாயைத் திறப்பதே இல்லை.

அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றமா? ஆண்கள் தலைக்குச் சாயம் பூசுகிறோம், பல்லுக்குக் கம்பி போடுகிறோம், அதற்கெல்லாம் யாரும் நியாயம் கேட்பதில்லை. மேல் இமைத் தோல் இறங்கி நிறையப் பேருக்கு மேல்பக்கப் பார்வையே மறைக்கிறது, அது மருத்துவத் தேவையும்தான். ஆசைப்பட்டதற்குத் தண்டனையாகக் கண் காயட்டும் என்று நினைக்கிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

வேலூருக்குத் தெரிந்த பாடம்

இமை மூடாத கண் என்றால் என்ன என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த இடங்களில் ஒன்று நம் வேலூர். நம்ப முடிகிறதா?

தொழுநோய் முகத்து நரம்பைத் தாக்கினால் இமையை மூடும் தசை செயலிழந்துவிடும். கண் மூடாது. கருவிழியில் உணர்ச்சியும் போய்விட்டால் தூசு விழுந்தாலும் தெரியாது. காய்ந்து, புண்ணாகி, தழும்பேறி, கடைசியில் பார்வை போய்விடும். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகால்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பெயர் பெற்றவர். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவத்தை வேலூருக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டார், தொழுநோயாளிகளின் கண்களைக் காப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1955-இல் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது.

அங்கே செய்த ஒரு அறுவை சிகிச்சையைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. மெல்லுவதற்கு உதவும் நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு பகுதியைத் திருப்பி இமைகளில் கட்டுவார்கள். பிறகு பல்லைக் கடித்தால் கண் மூடும்! கண்ணை மூட வேண்டும் என்று நினைவு வைத்து, பல்லைக் கடித்துக் கடித்துப் பழக வேண்டும். நாம் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை யோசிக்காமல் செய்கிற வேலைக்கு அந்த மனிதர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். அதே மருத்துவர்கள் உதிர்ந்துபோன புருவத்துக்குத் தலைத்தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புதுப் புருவமும் வைத்தார்கள். அது அழகுக்கான வேலைதான். புருவம் இல்லாத முகத்தை ஊர் ஒதுக்கியது, அதனால் செய்தார்கள். அழகு அறுவை சிகிச்சை என்றாலே கேவலம் என்று நான் சொல்லாததற்கு இதுவும் காரணம்.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். கண் மூடுகிறதா என்பது முதல் கேள்வி. பார்க்க எப்படி இருக்கிறது என்பது அடுத்தது. கரிகிரியில் ஏழைத் தொழுநோயாளிக்குக் கிடைத்த இந்த வரிசை, சீட்டுப் பணம் கட்டி ஏசி அறையில் படுத்த சின்னம்மாவுக்குக் கிடைக்கவில்லை. கண்ணை இமை காப்பது போல என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். அந்த இமையையே வெட்டுகிறவர், "உங்களுக்குக் கண் உலர்ச்சி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

எல்லா டாக்டரும் அப்படியா?

இல்லவே இல்லை. சின்னம்மாவைக் காப்பாற்றியதும் ஒரு டாக்டர்தான். நாங்கள் சண்டை போட்டு வேலூரில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியின் கீழ்ப்பகுதி காய்ந்து புள்ளி புள்ளியாக இருந்தது. பகலில் அடிக்கடி செயற்கைக் கண்ணீர், ராத்திரி களிம்பு போட்டு இமையை ஒட்டி மூடிப் படுப்பது, தழும்பை மெதுவாக நீவி விடுவது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து காட்டுவது. "புண்ணு ஆழமானா உடனே ஆபரேஷன். இல்லைன்னா ஆறு மாசம் நானும் தொட மாட்டேன், வேற யாரையும் தொட விடாதீங்க" என்றார். காசு பார்க்க வாய்ப்பு இருந்தும் தொட மாட்டேன் என்று சொன்னாரே, அவர்தான் டாக்டர்.

நல்ல கையிலும் சிக்கல் வரும், சிக்கல் எல்லாம் அலட்சியம் ஆகாது. கண்ணில் ஒன்றும் குறை இல்லாமலே இரண்டாவது, மூன்றாவது என்று வெட்டிக்கொள்ளத் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு முடியாது என்று சொல்வதும் வைத்தியம்தான். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி ஒன்றே ஒன்று. சிக்கல் வந்த பிறகு உண்மையைச் சொல்கிறாரா, அல்லது அடுத்த கத்தியால் முதல் கத்தியின் தடத்தை அழிக்கிறாரா?

2016 மே மாதத்தை மறந்துவிட்டோம். சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர், உடல்நிலை மோசமாகி வேலூர் சிஎம்சியில் இறந்துபோனார். டாக்டர் ஆகப் போகிற பையன்! சலூன் உரிமத்தோடு நடந்த இடம் அது என்று அப்போது செய்தி வந்தது. சம்பந்தப்பட்ட டாக்டர்களைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், பட்டறையிலோ யூடியூபிலோ பார்த்துவிட்டு அழகு சிகிச்சை செய்யக் கிளம்புவது போதிய பயிற்சி ஆகாது என்று எழுதி வைக்க வேண்டிய நிலைமை வந்தது. இப்படி ஒரு வரியை எழுத வேண்டி வந்ததே வெட்கக்கேடு இல்லையா?

சரி, என்னதான் வேண்டும்?

கிளினிக்குகளிடம் நான் கேட்பது நாலே நாலு. முதல் கத்திக்கு முன்பே, "அதிகமாக எடுத்துவிட்டால் திருத்துவது எப்படி, எங்கிருந்து தோல் எடுப்போம்" என்பதை நோயாளியின் மொழியில் எழுதிக் கொடுங்கள். கெட்டுப்போனால் 'திருப்தி இல்லை' என்று எழுதாமல், கண் எத்தனை மில்லிமீட்டர் மூடவில்லை என்று அளந்து எழுதுங்கள். இலவசத் திருத்தத்துக்குக் கெடு வைக்காதீர்கள். அதற்குப் பதில், நோயாளி விரும்பும் வேறு ஒரு நிபுணரிடம் காட்டும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அல்லது வாங்கிய காசைத் திருப்பிக் கொடுங்கள், அந்தக் காசில் அவர் தனக்குப் பிடித்த கையைத் தேடிக்கொள்வார்.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதல் வேலை, கண் மருத்துவரிடம் போய்க் கருவிழியைக் காட்டுங்கள். போகும்போது ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த பழைய போட்டோக்களை எடுத்துப் போங்கள். இமை வேலைக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற ஆக்குலோபிளாஸ்டி மருத்துவர்கள் இருக்கிறார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. இரண்டாவது வேலை, உங்கள் மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-இல் வந்த மருத்துவ நெறிமுறை விதி. எவ்வளவு தோல் எடுத்தார்கள் என்று தெரியாமல் அடுத்த டாக்டரால் திட்டம் போட முடியாது. மூன்றாவது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. 2019 சட்டப்படி கிளினிக் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆறு மாதம் பொறுப்பதால் வழக்குக் கெட்டுப்போகாது. அவசரப்பட்டு அங்கேயே மறு ஆபரேஷன் செய்துகொண்டால்தான், முதல் தவறு எது, இரண்டாவது தவறு எது என்று யாராலும் பிரிக்க முடியாமல் போகும்.

இலவசத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு புரிகிறதா?

சின்னம்மா அந்த ஃப்ரீ கரெக்‌ஷனுக்குப் போகவில்லை. ஒரு மாதக் கெடு முடிந்ததும் கிளினிக்கிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. நாலு மாதம் ஆகிறது. நீவி நீவித் தழும்பு கொஞ்சம் இளகியிருக்கிறது, திறப்பு முன்னைக்கு இப்போது பாதிதான். கருவிழிப் புள்ளிகள் குறைந்திருக்கின்றன. முழுசாக மூடுமா என்று இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். மூடாவிட்டால் காதுக்குப் பின்னாலிருந்து தோல்.

"அப்படியே ஆனாலும் பரவால்ல கண்ணு" என்றார் நேற்று. "இன்னா நடக்கப் போவுதுன்னு சொல்லிட்டுச் செஞ்சா போதும். சொல்லாம செஞ்சதுதான் எரியுது."

ராத்திரி நான்தான் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறேன். அப்பா வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், ஒன்றும் பேச மாட்டார். வெட்டுகிறவருக்குத் தெரியும், எந்தத் துண்டு திரும்ப வராது என்று.

பி.கு.: கிளினிக் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். பதிவுகளைக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவேண்டியிருக்கிறது. வந்தால் ஆணையத்தில் பேசிக்கொள்கிறோம். வராவிட்டாலும் ஆணையத்தில்தான் பேசப் போகிறோம்.